காலி வீட்டைப் படம் பிடிப்பது யார், எதைக் கொண்டு? வாடகை வீட்டுச் சோதனையைத் தானியக்கமாக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

வீடு காலியாகும் நாளில் ஓனருக்கும் குடித்தனக்காரருக்கும் வரும் தகராறு சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கும். "சமையல் மேடையில இந்த விரிசல் நாங்க வரும்போதே இருந்துச்சு சார்." "இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கணுமே." இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்கு முன் அந்த மேடை எப்படி இருந்தது என்பது யாருக்கும் நினைவில்லை. அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது என்பதை அதன்பிறகு யார் குரல் ஓங்குகிறதோ அவர்தான் முடிவு செய்கிறார்.

சட்டமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவு: குடியிருந்தவர் வீட்டைத் தம் கைக்கு வந்தபோது இருந்த நிலையிலேயே திருப்பித் தர வேண்டும், நியாயமான தேய்மானமும் தடுக்க முடியாத சக்தியால் நேர்ந்த மாற்றமும் மட்டுமே விலக்கு. கைக்கு வந்த நாள், திருப்பித் தரும் நாள் என்ற இரண்டு நாட்களின் ஒப்பீடு அந்த வரியிலேயே அடங்கியிருக்கிறது. முதல் நாளின் பதிவு இல்லாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த செயலி கையில் இருந்தாலும் ஒப்பிட ஒன்றும் இருக்காது. கீழே வரும் பரிந்துரைகள் எல்லாம் இந்த ஒரு புள்ளியிலிருந்து கிளம்புகின்றன. கருவிக்கான பணத்தையும் உழைப்பையும் குடிவரும் நாளில் போடுங்கள். காலி செய்யும் நாளில் விஷயம் தெரிந்த ஒருவரை நேரில் அனுப்புங்கள்.

சென்னையில் 5 முதல் 60 வீடுகள் வரை பார்த்துக்கொள்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்: சொந்தமாகச் சில ஃபிளாட் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் வீடுகளைக் கவனிப்பவர்கள், சிறிய வாடகை மேலாண்மை நிறுவனங்கள்.

முதலில் பிக்சல் கணக்கு

எந்தக் கருவி என்ற கேள்விக்கு முன், படத்தில் எது தெரியும், எது தெரியாது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 12 மெகாபிக்சல் போன் கேமராவின் சாதாரண 1எக்ஸ் லென்ஸ், 2 மீட்டர் தொலைவில் சுமார் 2.75 மீட்டர் அகலச் சுவரைப் பிடிக்கும். அந்த அகலம் 4,032 பிக்சலில் அடங்குகிறது. ஒரு பிக்சலுக்கு சுமார் 0.7 மில்லிமீட்டர். ஆணி அடித்த ஓட்டை தெரியும். தலைமயிர் விரிசல் தெரியாது. அதே போனை 30 செ.மீ. அருகில் கொண்டுபோனால் பிக்சலுக்கு 0.1 மி.மீ.; விரிசல் தெளிவாக விழும்.

அதே 2 மீட்டர் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பினால் நீண்ட பக்கம் சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருங்குகிறது. பிக்சலுக்கு 1.7 மி.மீ. ஆகிவிடும். 23 மெகாபிக்சல் 360 டிகிரி கேமரா, 2 மீட்டர் தொலைவில் தன்னைச் சுற்றியுள்ள முழு வட்டத்தையும் 6,720 பிக்சலில் விரிக்கிறது. அங்கேயும் பிக்சலுக்கு 1.9 மி.மீ. பல ஆயிரம் ரூபாய் கேமராவும் சுருங்கிய வாட்ஸ்அப் படமும் சுவர் விரிசல் விஷயத்தில் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் நிற்கின்றன. வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு வகைப் படம் வேண்டும். அறைக்கு நான்கு மூலையிலிருந்தும் ஒன்று, கூரை ஒன்று, தரை ஒன்று. இவை அகலப் படங்கள். பழுது இருக்கும் இடத்துக்கு, அளவு காட்ட பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயமோ ஸ்கேலோ வைத்து எடுத்த அருகுப் படம். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 70 முதல் 90 படம் வரும். ஃபிளாஷ் வேண்டாம், எல்லா விளக்கையும் போடுங்கள், போனை நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள், 0.5 என்ற அகல லென்ஸைத் தொடாதீர்கள். அது ஓரங்களை வளைத்துவிடும். நேரான கதவு நிலை சாய்ந்ததுபோல் விழும்.

வாட்ஸ்அப்பும் நோட்டும்

இப்போது பெரும்பாலோர் செய்வது இதுதான். புரோக்கரோ வாட்ச்மேனோ சாவி கொடுக்கும்போது பத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவார். செலவு இல்லை. தரம் சுருங்குவதோடு, படம் எடுத்த நேரம், போன் மாதிரி போன்ற உள்குறிப்புகளும் அனுப்பும்போது உதிர்ந்துவிடுகின்றன. படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் இரண்டும் தப்பிக்கும். போன் மாறும்போது காப்பெடுக்க மறந்தால் மொத்தமும் போய்விடும்.

இரண்டு மூன்று வீடு மட்டும் இருப்பவருக்கு, ஆவணமாக அனுப்பும் பழக்கமும் கையெழுத்திட்ட ஒரு பக்கப் பட்டியலும் இருந்தால் இதுவே போதும். மேலே போக வேண்டியதில்லை.

கூகுள் ஃபார்ம், ஷீட், சிறு நிரல்

அடுத்த படி, இலவசக் கருவிகளை நாமே கோத்துக்கொள்வது. அறைக்கு ஒரு பகுதியாகப் படிவம். ஒவ்வொரு பொருளுக்கும் நல்ல நிலை, பழுது, இல்லை என்ற மூன்றே தேர்வு. கீழே படம் ஏற்றும் கேள்வி. அனுப்பியவுடன் விடைகள் ஷீட்டில் விழும். ஒரு சிறு நிரல் (கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் எழுதுவது) அதை அறிக்கையாக்கி, பிடிஎஃப் ஆக இரண்டு பேருக்கும் மின்னஞ்சல் செய்யும்.

இது எங்கே உடையும் என்று முன்பே தெரிந்துகொண்டால் நன்றாக ஓடும். ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 10 கோப்புதான் ஏற்றலாம். அதனால் வீடு முழுவதற்கும் ஒரே கேள்வி வைத்தால் நின்றுவிடும், அறைவாரியாகப் பிரிக்க வேண்டும். கோப்பு ஏற்றும் படிவத்துக்கு நிரப்புபவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். படிவம் முழுவதற்கும் முதலில் இருக்கும் மொத்தக் கோப்பு வரம்பு 1 ஜிபி. ஒரு சோதனைக்கு 80 படம், படத்துக்கு 3.5 எம்பி என்றால் 280 எம்பி. நான்காவது வீட்டில் பாதியில் படிவம் படுத்துவிடும். அமைப்பில் போய் அந்த வரம்பை முதல் நாளே உயர்த்துங்கள். இலவசக் கணக்கின் 15 ஜிபி இடம் ஐம்பது சோதனை தாண்டும்போது நிரம்பும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரலிலும் இரண்டு பொறிகள் உண்டு. சாதாரணக் கணக்கில் ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் அனுமதி. 80 படத்தை முழு அளவில் அறிக்கைக்குள் நுழைக்கப் பார்த்தால் நேரம் முடிந்து அறிக்கை பாதியில் நிற்கும். 50 மெகாபிக்சல் முறையில் எடுத்த படங்களை ஆவணத்துக்குள் ஏற்றுக்கொள்ளவே மாட்டாது. பழுது என்று குறித்த பொருட்களின் படங்களை மட்டும் சிறிதாக்கி அறிக்கையில் வையுங்கள். மற்றவை டிரைவ் ஃபோல்டரில் இருக்கட்டும், அறிக்கையில் அதற்கு ஒரு சுட்டி போதும். ஐபோனில் எடுப்பவர்கள் கேமரா அமைப்பில் ஜேபெக் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் இது வேலை செய்யாது. புதிதாகக் கட்டிய அடுக்கு மாடியில், வைஃபை இன்னும் வராத காலி வீட்டில், உள் அறைகளில் சிக்னல் கிடைக்காமல் தவிப்பது சாதாரணம். அங்கே படங்களை முதலில் போனில் எடுத்துக்கொண்டு பால்கனியில் நின்று ஏற்ற வேண்டும். அப்போதுதான் வலது குளியலறைப் படம் இடது குளியலறைக்குள் போய் உட்காரும். அறைக்குள் நுழைந்ததும் அறையின் பெயரை ஒரு தாளில் எழுதி அதை முதல் படமாக எடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

ஆப்ஷீட்டா, ஆயத்தச் செயலியா?

சிக்னல் இல்லாமலும் வேலை நடக்க வேண்டும் என்றால் இரண்டு வழி. கூகுளின் ஆப்ஷீட்டில் அதே ஷீட்டை அடிப்படையாக வைத்து நாமே செயலி கட்டலாம். அல்லது சேஃப்டிகல்ச்சர், இசட்இன்ஸ்பெக்டர் போன்ற ஆயத்தச் சோதனைச் செயலிக்குச் சந்தா கட்டலாம்.

ஆப்ஷீட்டின் பலம், பழைய பதிவும் புதிய பதிவும் ஒரே அட்டவணையில் இருப்பதுதான். காலி செய்யும் நாளில் "படுக்கையறை 2, ஃபேன் ரெகுலேட்டர்" என்ற வரியைத் திறந்தால் குடிவந்த நாளின் நிலையும் படமும் அங்கேயே தெரியும்படி கட்டலாம். கட்ட இரண்டு மூன்று நாள் ஆகும், ஷீட்டில் சூத்திரம் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். படங்களைச் சுருக்கி ஏற்றும் அமைப்பு ஒன்று அதில் இருக்கிறது. அதை உயர்தரத்துக்கு மாற்றாமல் விட்டால் மேலே சொன்ன பிக்சல் கணக்கு மொத்தமும் வீண். இன்னொன்று: வீட்டில் எடுத்தது சர்வருக்குப் போய்ச் சேரும் முன் செயலியை நீக்கினாலோ போனை ரீசெட் செய்தாலோ தரவு திரும்பாது. சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒத்திசைவு முடிந்ததா என்று பார்ப்பதைப் பட்டியலின் கடைசி வரியாக வையுங்கள்.

ஆயத்தச் செயலிகள் அழகான அறிக்கை தருகின்றன, கையெழுத்து வாங்குகின்றன, படத்தில் அம்புக்குறி போடவும் விடுகின்றன. சென்னைக்கு அவற்றில் இரண்டு சிக்கல். அவற்றின் வார்ப்புகள் (டெம்ப்ளேட், அதாவது ஆயத்தச் சோதனைப் பட்டியல்கள்) பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டன் வீடுகளுக்காக எழுதப்பட்டவை: கார்ப்பெட், ஓவன், புகை எச்சரிக்கைக் கருவி, பாய்லர். கிரில் கேட், லாஃப்ட், கொசு வலை, மோட்டார் சுவிட்ச், ஹெல்த் ஃபாசெட், நானி ட்ராப், பூஜை அலமாரி எதுவும் இருக்காது. வார்ப்பை முழுவதும் திருத்தி எழுத ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இரண்டாவது சிக்கல் விலை விதத்தில். சில செயலிகள் பயனருக்கு இவ்வளவு என்று வாங்கும், சில வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும். 20 வீடு, சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 காலி, 10 குடிவரவு, மொத்தம் 20 சோதனை. வீட்டுக்கு மாதச் சந்தா என்றால் 240 வீட்டு மாதங்களுக்குக் கட்டி 20 சோதனை செய்கிறீர்கள். ஆண்டுதோறும் மாணவர்கள் மாறும் அமெரிக்கக் கல்லூரி நகரங்களுக்கு அது பொருந்தும், மூன்று நான்கு வருடம் ஒரே குடும்பம் இருக்கும் மடிப்பாக்கத்துக்குப் பொருந்தாது. பயனர் கணக்கில் வாங்கும் செயலியாகப் பாருங்கள். இரண்டு பேர் சோதனை செய்கிறார்கள் என்றால் இரண்டு சந்தாவோடு முடியும். டாலர் மாற்றுக் கட்டணத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கும் பார்க்கலாம். நோட்டில் எழுதிப் படத்தைத் தனியே அடுக்கி அறிக்கை தட்டச்சு செய்தால் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வீட்டில் ஒன்றரை மணி, மேசையில் ஒன்றரை மணி. செயலியில் வீட்டில் ஒரு மணி, மேசையில் பத்து நிமிடம். 20 சோதனைக்கு ஆண்டில் சுமார் 37 மணி நேரம் மிச்சம். இதற்காக எவ்வளவு கட்டலாம் என்பதை உங்கள் ஊழியரின் ஒரு நாள் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். எங்கள் கணிப்பில் 15 வீட்டுக்குக் கீழே கூகுள் படிவம், அதற்கு மேலே ஆப்ஷீட். ஷீட்டில் கைவைக்க ஆளே இல்லை என்றால் மட்டும் ஆயத்தச் செயலி.

குடித்தனக்காரரே படம் எடுத்தால்?

ரென்ட்செக் போன்ற செயலிகள் வாடகைதாரரின் போனுக்கே ஒரு சுட்டி அனுப்பி, அறை அறையாக அவரையே படம் எடுக்க வைக்கின்றன. ஓனர் போக வேண்டியதே இல்லை. குடிவரும்போதும் காலி செய்யும்போதும் ஒரே முறை என்று விளம்பரம் செய்கிறார்கள். நாங்கள் அதை இரண்டாக வெட்டச் சொல்கிறோம்.

குடிவரும் நாளில் பழுதைக் கண்டுபிடிப்பது குடித்தனக்காரரின் நலன். சிங்க் அடியில் குனிந்து பார்ப்பார், ஜன்னல் கொக்கி ஒவ்வொன்றையும் அசைப்பார். ஓனர் அனுப்பும் ஆளைவிட அவர் நுணுக்கமாகப் பார்ப்பார். அவர் எடுத்த படம் என்பதால் பிற்பாடு "எனக்குத் தெரியாது" என்ற பேச்சுக்கும் இடமில்லை. காலி செய்யும் நாளில் நிலைமை தலைகீழ். லாரி கீழே நிற்கும், பழுதைக் காட்டினால் பணம் குறையும். நேர்மையானவரும் அந்த அவசரத்தில் அகலப் படம் எடுத்துவிட்டு நகர்வார்.

குடிவரும் நாள் சோதனையைக் குடித்தனக்காரர் கையில் கொடுங்கள், மேலே சொன்ன எந்தக் கருவியிலும் இது செய்யலாம். சாவி கொடுத்து 7 நாள் அவகாசம் தாருங்கள். ஒரு நாளில் தெரியாதது அந்த ஒரு வாரப் புழக்கத்தில் வெளியே வரும்: இரவில் சொட்டும் ஃபிளஷ் டேங்க், பத்துப் பாத்திரம் கழுவியதும் தேங்கும் சிங்க், கீசரோடு மோட்டாரும் ஓடினால் விழும் எம்சிபி (சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). ஏழாம் நாள் படிவம் தானாக மூடிக்கொள்ளட்டும், ஓனர் பார்த்து ஒப்புதல் தரட்டும், அந்தப் பட்டியல் வாடகை ஒப்பந்தத்தின் இணைப்பாகட்டும். ஒப்பந்தம் போடும் நாளிலேயே "7 நாளுக்குள் பதிவாகும் சோதனைப் பட்டியல் இதன் பகுதி" என்று ஒரு வரி எழுதிவிட்டால் சிக்கல் இல்லை.

ஒரு விதிவிலக்கு, ஓதம். மே, ஜூனில் பள்ளி திறப்பை ஒட்டிக் குடிவருபவர்கள் எடுக்கும் படத்தில் சுவர் காய்ந்து வெள்ளையாக இருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் அதே சுவர் ஊறி, உப்புப் பூத்துப் பெயின்ட் உரியும். குடிவந்த நாளின் படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது குடித்தனக்காரர் செய்த சேதமாகத் தோன்றும். நவம்பர் கடைசியில் வெளிச்சுவர்கள், மேல்தளக் கூரை, குளியலறைக்குப் பின்சுவர் ஆகியவற்றுக்கு மட்டும் 10 படக் குறும்படிவம் ஒன்றைத் தானாக அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். இந்த ஒரு தானியங்கி நினைவூட்டல் மற்ற எல்லாவற்றையும்விட அதிகச் சண்டையைத் தவிர்க்கும்.

360 கேமராவும் செயற்கை நுண்ணறிவும்

360 கேமரா விரிசலைப் பிடிக்காது என்று கணக்கிலேயே பார்த்தோம். அதன் பலம் முழுமை. அறைக்கு ஒன்று, பெரிய ஹாலுக்கு இரண்டு என 9, 10 நிலைகளில் முக்காலி வைத்து எடுத்தால் கால் மணி நேரத்தில் வீடு முழுவதும் பதிவாகிவிடும். யாரும் படம் எடுக்க நினைக்காத லாஃப்ட் கதவு, மூலை ஃபேன், திரைக் கம்பி எல்லாம் அதில் இருக்கும். மரச்சாமான்களோடு விடும் வீடு என்றால் இது நியாயமான செலவு. வெறும் வீட்டுக்கு வேண்டியதில்லை.

இரண்டு நாள் படங்களையும் ஒப்பிட்டு மாற்றத்தை வட்டமிட்டுக் காட்டும் செயற்கை நுண்ணறிவுதான் இப்போது அதிகம் விற்கப்படுகிறது. அது எப்படித் தவறும் என்று புரிந்துகொண்டால் அதைச் சரியான இடத்தில் வைக்கலாம். இரண்டு படத்தை ஒன்றின்மேல் ஒன்று பொருத்த, இரண்டிலும் பொதுவான அடையாளப் புள்ளிகள் வேண்டும். வெறும் வெள்ளைச் சுவரில் அப்படி ஒன்றும் இல்லை. படம் தவறாகப் பொருந்தி, இல்லாத மாற்றத்தை இருப்பதாகக் காட்டும். ஒவ்வொரு சுவர்ப் படத்திலும் சுவிட்ச் போர்டோ கதவு நிலையோ விழும்படி எடுத்தால் இந்தத் தவறு வெகுவாகக் குறையும். காலையில் எடுத்ததும் மாலையில் எடுத்ததும் ஒப்பிடப்பட்டால் ஜன்னல் கம்பியின் நிழல் கீறலாகும். பளபளக்கும் டைல்ஸில் விழும் டியூப் லைட் பிம்பம் கறையாகும். போர்வெல் தண்ணீர் குழாயிலும் டைல்ஸிலும் விடும் உப்புப் படிவை அது சேதம் என்றே குறிக்கும். சென்னையில் பல வீடுகளுக்கு அது அன்றாடத் தேய்மானம் என்று அதற்குத் தெரியாது.

அது காணவே முடியாதவையும் உண்டு. ஏசி குளிர்கிறதா, கீசர் சூடாகிறதா, கழிவுநீர் இறங்குகிறதா, கதவு தடுக்காமல் சாத்துகிறதா என்பதெல்லாம் படத்தில் இல்லை. பிடித்தத் தொகையில் கணிசமான பங்கு இவற்றில்தான் போகிறது. சாட்ஜிபிடி போன்ற பொதுப் பயன்பாட்டு மொழி மாதிரிகளிடம் இரண்டு படம் கொடுத்து "என்ன மாறியிருக்கிறது" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவை இல்லாத கீறலையும் உறுதியான குரலில் வருணிக்கக்கூடும். சல்லடையாக மட்டும் பயன்படுத்துங்கள். அது குறித்த இடங்களை மனிதர் நேரில் பார்த்து ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். பிடித்தத் தொகையை அது எழுத விடக்கூடாது. குடும்பம் வசிக்கும்போது எடுத்த படங்களை, குழந்தைகளும் ஆவணங்களும் விழுந்த படங்களை, இத்தகைய சேவைக்கு ஏற்றவே வேண்டாம்.

காலி செய்யும் நாளில் மனிதர் செய்ய வேண்டியது

கருவி எதுவானாலும் நேரில் போகும் ஆள் இரண்டு முறை போக வேண்டும். முதல் முறை, காலி செய்வதற்கு 15 நாள் முன்பு. வாடகை முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டப்படி வீட்டுக்குள் போக 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தச் செய்தியையும் நிரலே அனுப்பட்டும். அந்தச் சுற்றில் சரிசெய்ய வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தால் குடித்தனக்காரர் தமக்குத் தெரிந்த பிளம்பரை வைத்துக் குறைந்த செலவில் முடித்துவிடுவார். இரண்டாம் முறை, சாமான் முழுவதும் இறங்கிய பின், சாவி கை மாறும் முன், அவர் கூட நிற்கும்போது. வீட்டைப் பெருக்கிய பிறகு எடுங்கள். அட்டைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் பெரும்பாலும் பிரச்சினைச் சுவர்.

ஒவ்வொரு குழாயையும் இரண்டு நிமிடம் திறந்து வைத்து, அடியில் ஆங்கிள் காக்கையும் வேஸ்ட் பைப் இணைப்பையும் டிஷ்யூ தாளால் துடைத்துப் பாருங்கள். தாள் நனைந்தால் கசிவு. ஃபிளஷ் அடித்து, தொட்டி நிரம்பியதும் ஓசை நிற்கிறதா என்று கவனியுங்கள். ஃபேன் ரெகுலேட்டரை ஒவ்வொரு நிலையிலும் ஓட்டுங்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், விழ வேண்டும். கீசர் பத்து நிமிடம், ஏசி பதினைந்து நிமிடம். ஒவ்வொன்றும் படிவத்தில் தனி வரி. காணொளி பத்து விநாடி போதும்.

இ.பி. மீட்டரைப் படம் எடுக்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. மின்னணு மீட்டர் திரையில் தேதி, வோல்டேஜ், அளவீடு என்று மாறி மாறி வரும். யூனிட் எண் வரும்வரை காத்திருந்து எடுங்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. விலை படிநிலையாக ஏறுகிறது. நடுவில் காலி செய்தால், கடைசியாகக் கணக்கெடுத்த தேதியின் அளவீடும் காலி செய்த நாளின் அளவீடும் இரண்டும் இருந்தால்தான் பங்கு பிரிக்க முடியும். இல்லாவிட்டால் பழையவர் ஓட்டிய ஏசி, புதிதாக வந்தவரின் பில்லை 500 யூனிட்டுக்கு மேலே தூக்கிவிடும்.

யார் தலையில் எது என்ற தீர்ப்பு

படிவத்தின் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் பொறுப்பு யாருடையது என்ற நெடுவரிசையை முதல் நாளே நிரப்பிவிடுங்கள். 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த அந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் ஓர் அட்டவணையில் இதைப் பிரித்திருக்கிறது. வேறு உடன்பாடு இல்லாதபோது கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் மாற்றம், மின் வயரிங் ஓனருடையவை. குழாய் வாஷர், வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, கைப்பிடி, கொசு வலை, ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவருடையவை.

பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்கும் சென்னை வழக்கம் இந்த அட்டவணைக்கு எதிராகப் போகிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அது உடன்பாடு. எழுதாமல் பிடித்தால் கேள்வி கேட்கக் குடித்தனக்காரருக்கு உரிமை உண்டு. எழுதினாலும் தேய்மானத்தைக் கழிப்பதுதான் நியாயம். ஐந்து வருடம் தாங்கும் எமல்ஷன் 40,000 ரூபாய், அவர் மூன்று வருடம் இருந்தார் என்றால் மிச்சம் இரண்டு வருடத்தின் மதிப்பு 16,000 ரூபாய். அவர் கெடுத்த சுவர்களின் பங்கை மட்டும் அதிலிருந்து கணக்கிடுங்கள். ஷீட்டில் பொருளின் ஆயுளையும் போட்ட தேதியையும் இரண்டு நெடுவரிசையாக வைத்தால் இந்தக் கழிவைச் சூத்திரமே போட்டுக்கொள்ளும். தானியக்கம் உண்மையிலேயே உதவும் கணக்கு இது.

அதே சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்ப வேண்டும். சாவி வாங்கிய தேதியைப் படிவம் பதிவு செய்வதால், 20-ஆம் நாளில் ஓனருக்கு நினைவூட்டலும் குடித்தனக்காரருக்குக் கணக்குத் தாளும் தானாகப் போகும்படி வையுங்கள்.

ஆதாரமாக நிற்குமா?

விவகாரம் வாடகை நீதிமன்றம் வரை போனால் படங்கள் மின்னணுப் பதிவுகளாகவே பார்க்கப்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டம், 63-ஆம் பிரிவின் கீழ் அவற்றுக்குச் சான்றிதழ் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதிப்படுத்தியதன் தொடர்ச்சி இது. புதிய படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். கோப்பில் ஒரு பிக்சல் மாறினாலும் மாறிவிடும் எண் அது. கூகுள் நிரலில் சில வரிகளில் ஒவ்வொரு படத்துக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷைக் கணக்கிட்டு ஷீட்டில் எழுதி, அந்தப் பட்டியலை அன்றே இரண்டு தரப்புக்கும் மின்னஞ்சல் செய்துவிடலாம். ஆயத்தச் செயலி வாங்குபவர்கள், அசல் படத்தை உள்குறிப்புகளோடு முழு அளவில் திரும்ப இறக்க முடியுமா என்று சந்தா கட்டும் முன் கேளுங்கள். பிடிஎஃப் மட்டும் தரும் செயலி இந்த இடத்தில் கைவிட்டுவிடும். படத்தின் மேலேயே தேதியை அச்சடிக்கும் கேமரா செயலிகளை நம்பி இருக்க வேண்டாம். போனின் கடிகாரத்தை மாற்றினால் அந்தத் தேதியும் மாறும்.

சந்தாவை நிறுத்தியதும் பழைய அறிக்கைகள் எத்தனை நாள் திறக்கும் என்பதையும் அப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கேட்டு வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டு கால வரம்பு. காலி செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குக் குறையாமல் அசல் படங்களும் ஹாஷ் பட்டியலும் ஓர் இடத்தில் இருக்க வேண்டும், அதன் நகல் வேறொரு கணக்கிலோ ஹார்டு டிஸ்கிலோ இருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டு முடிந்ததும் குடித்தனக்காரரின் பெயரும் போன் எண்ணும் உள்ள ஃபோல்டரை அழித்துவிடும் தேதியையும் அதே ஷீட்டில் குறித்து வையுங்கள்.